பழைய ஜீப்பை வீட்டிலேயே சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கொட்டகையிலோ வாசலிலோ வைத்து ஒரு பழைய ஜீப்பை மறுபடி ஓடவைக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. வில்லிஸ் ஜீப், சீரிஸ் வகை லேண்ட் ரோவர், 40 சீரிஸ் லேண்ட் க்ரூசர், சுஸுகியின் சின்ன ஜிம்னிகள், லாடா நிவா போன்ற வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. எல்லாவற்றுக்கும் ஒரே பதில் பொருந்தாத இடத்தில் எந்த வண்டி என்று சொல்லியிருக்கிறேன்.

வாங்கும் முன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

சேஸிஸைத்தான். இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி எல்லாமே கழற்றி மாற்றக்கூடியவை. சேஸிஸ் போனால் வண்டியின் முதுகெலும்பே போன மாதிரி. பெயின்ட் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு சின்ன சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போங்கள். சேஸிஸ் நெடுக மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருப்பிடித்த இடத்தில் சத்தம் மந்தமாகிவிடும். அங்கே ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

பெட்டி வடிவச் சேஸிஸ் உள்ளிருந்துதான் அரிக்கும். மண்ணும் ஈரமும் உள்ளே போய்த் தங்கி, வெளியே நன்றாகத் தெரியும்போதே உள்ளே தாளாகியிருக்கும். ஸ்பிரிங் பட்டை மாட்டும் ஹேங்கர்கள், பின்பக்கக் கிராஸ் மெம்பர், பாடி உட்காரும் இடங்கள், முன்பு யாரோ தகடு வைத்து வெல்டிங் செய்த இடங்கள் ஆகியவற்றை இரண்டு முறை பாருங்கள். புதிதாகக் கெட்டியாகத் தார் பூசிய அடிப்பாகத்தைக் கண்டால் நான் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்படுவேன்.

1977-இல் வந்த நிவாவுக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். ஆகவே கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியும் ஸ்பிரிங் தாங்கும் இடங்களும் அழுகியிருந்தால் அதை அழகுப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். வண்டியின் பலமே அங்கேதான் இருக்கிறது.

சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் பதிவுத் தாள்களோடு ஒத்துப்போகின்றனவா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். வேலை பாதியில் இருக்கும்போது தெரிந்தால் பெரிய மனக்கஷ்டம்.

முழுக்கக் கழற்றிவிட்டு ஆரம்பிக்கலாமா, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். முடிந்தவரை வண்டியைச் சக்கரத்தின் மேலேயே வைத்திருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பகுதியை எடுங்கள், அதை முடித்து மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

முதல் வாரத்து உற்சாகத்தில் பாடியைத் தூக்கி, இன்ஜினை இறக்கி, ஆக்சில்களை உருவிப் போடுவது சுலபம். ஒரு விடுமுறையில் முடிந்துவிடும். திரும்ப மாட்டுவதற்கு அதைப்போல் பல மடங்கு நேரம் பிடிக்கும். நடுவில் வேலை மாறும், வீடு மாறும், கைக்காசு குறையும். சக்கரத்தில் நிற்கும் வண்டியை இன்னொரு இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகலாம். பெட்டி பெட்டியாகக் கிடக்கும் வண்டி அப்படியே கிடக்கும். பாதியில் விற்கப்படும் வண்டிகளைப் பாருங்கள், பெரும்பாலும் கடைசி நட்டு வரை கழற்றப்பட்டவைதான்.

நான் சொல்லும் வரிசை இது: முதலில் பிரேக், ஸ்டியரிங், டயர். பிறகு எரிபொருள் வழி, கூலிங், வயரிங். இன்ஜின் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு அதைத் தொடுவதா வேண்டாமா என்ற முடிவு. பாடி வேலையும் பெயின்ட்டும் கடைசி. நடுநடுவே வண்டி தானாக ஓடி நிற்கக்கூடிய நிலைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். பத்தடி தூரம் ஓட்டிப் பார்ப்பது கொடுக்கும் ஊக்கத்தை வேறு எதுவும் கொடுக்காது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சேஸிஸையே மாற்ற வேண்டும் அல்லது பெரிய அளவில் வெட்டி ஒட்ட வேண்டும் என்றால் பாடியை எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் எடுப்பதற்கு முன்பே தேவையான சாமான் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிவிட்டு எடுங்கள்.

என்னென்ன கருவிகள் இருந்தால் ஆரம்பிக்கலாம்?

நல்ல ஸ்பேனர் செட், சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர், கிரீஸ் கன், கம்ப்ரெஷன் கேஜ், ஆங்கிள் கிரைண்டர். இவற்றோடு ஒரு ஜாக்கி, நான்கு ஆக்சில் ஸ்டாண்டுகள். வெல்டிங் மிஷினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்டாண்டு விஷயத்தில் சமரசமே வேண்டாம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கிய வண்டி ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்த பிறகுதான் அடியில் போக வேண்டும். ஹைட்ராலிக் ஜாக்கியின் ஒரு சின்ன சீல் போனாலும் போதும். செங்கல், ஹாலோ பிளாக் போன்றவற்றை முட்டுக் கொடுக்கவே கூடாது, அவை எச்சரிக்கை எதுவும் இல்லாமல் நொறுங்கும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இருபக்கமும் கட்டை வையுங்கள். இன்னொன்று: பல பழைய ஜீப்களில் கைபிரேக், முன்-பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் வழியாக அந்தப் பிடி விட்டுப்போகும், வண்டி உருளும். இது தெரியாமல் நடந்த விபத்துகள் நிறைய.

போல்ட்டு அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

அவசரப்படாமல் இருப்பதுதான் பாதி வைத்தியம். கழற்றப் போகும் எல்லா போல்ட்டுகளுக்கும் முந்தின நாளே வயர் பிரஷ் போட்டு, துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள் மறுபடி விடுங்கள். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி கலந்த கலவையும் நன்றாக வேலை செய்கிறது. அது தீப்பிடிக்கும் என்பதால், அதை விட்ட இடத்தில் பிறகு நெருப்புக் காட்டக் கூடாது.

திருகும்போது ஒரேயடியாகக் கழற்றும் பக்கம் இழுக்காதீர்கள். கொஞ்சம் இறுக்குங்கள், கொஞ்சம் தளர்த்துங்கள், மறுபடி இறுக்குங்கள். துருத்தூள் நசுங்கி வெளியே வரும். அதற்கும் மசியாவிட்டால் சூடு. நட்டைச் சுற்றிச் சூடாக்கினால் அது விரிந்து பிடி விடும். ரப்பர் புஷ், பிரேக் குழாய், பெட்ரோல் டேங்க் அருகில் சூட்டை நினைக்கவே வேண்டாம், அங்கே கிரைண்டரும்கூடத் தீப்பொறி பறக்கவிடும். ரம்பத்தால் அறுத்துவிட்டுப் புது போல்ட்டு போடுங்கள்.

மரை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஜீப்களில் யுஎன்எஃப், யுஎன்சி மரைகள். ஆரம்பகால லேண்ட் ரோவர்களில் பிஎஸ்எஃப் போன்ற பிரிட்டிஷ் மரைகள், பின்னால் வந்தவற்றில் யுஎன்எஃப். ஜப்பானிய வண்டிகளில் மெட்ரிக். பிஎஸ்எஃப் உள்ளிட்ட பிரிட்டிஷ் விட்வொர்த் வகை மரையின் கோணம் 55 டிகிரி, மற்றவை 60 டிகிரி. பார்க்க ஒன்றுபோல இருக்கும், இரண்டு மூன்று சுற்று ஏறவும் செய்யும், அப்புறம் மரையைத் தின்றுவிடும். கையால் கடைசி வரை ஏறாத நட்டை ஸ்பேனர் போட்டு ஏற்றாதீர்கள். மரை அளக்கும் கேஜ் ஒன்று கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

பல வருடம் ஓடாத இன்ஜின். சாவி போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். ஆசை இருக்கும், ஆனாலும் ஒரு வாரம் பொறுங்கள். சிலிண்டர் சுவரில் லேசாகத் துரு இருந்தால், ஸ்டார்ட்டர் மோட்டார் வேகமாகச் சுற்றும்போது ரிங் உடையும், சுவரில் கோடு விழும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி சில நாட்கள் ஊறவிடுங்கள். பிறகு முன்னால் மாட்டும் கைப்பிடியாலோ, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் வைத்தோ கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பலம் போடாமல் மறுபடி ஊறவிடுங்கள். தடையில்லாமல் இரண்டு சுற்று வந்தபிறகு இன்ஜின் ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயிலும் ஃபில்டரும் போடுங்கள். வடித்த ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, மேற்கொண்டு போகாமல் காரணத்தைத் தேடுங்கள்.

பிளக்குகள் வெளியே இருக்கும் நிலையிலேயே, இக்னிஷனைத் துண்டித்துவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றவிடுங்கள். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி ஆகியிருக்கும், அதைத் தொடாதீர்கள். ஒரு சின்ன கேனில் புதுப் பெட்ரோல் வைத்து, புது ஹோஸ் போட்டுத் தனியாகக் கொடுத்துப் பாருங்கள். அந்த கேன் மூடியோடு, சூடான பாகங்களிலிருந்து தள்ளி, அசையாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். முதல் முறை ஓடும்போது ஆயில் பிரஷர் முள் எழாவிட்டால் சில நொடிகளிலேயே அணைத்துவிடுங்கள்.

இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்க வேண்டுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கம்ப்ரெஷன் டெஸ்ட் சொல்லிவிடும். இன்ஜின் சூடாக இருக்கும்போது எல்லா பிளக்குகளையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து ஒவ்வொரு சிலிண்டராக அளந்து எழுதுங்கள். நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில், 10 முதல் 15 சதவீத வித்தியாசத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளங்கள். அளவு ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைவாக இருந்தால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

லேசாகப் புகைகிறது, கொஞ்சம் ஆயில் குடிக்கிறது, ஆனால் பிரஷரும் கம்ப்ரெஷனும் பரவாயில்லை என்றால் அதைப் பிரிக்காதீர்கள். ஓடட்டும். இந்த இன்ஜின்கள் தேய்மானத்தோடு ஓடுவதற்கென்றே கட்டப்பட்டவை. இரண்டாம் உலகப்போர் ஜீப்பின் 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன் வில்லிஸ் இன்ஜின் அதற்கு நல்ல உதாரணம். நேரத்தையும் காசையும் பிரேக்கில் போடுங்கள்.

ஈயம் இல்லாத பெட்ரோல் பழைய இன்ஜினுக்குக் கெடுதலா?

கொஞ்சம். ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைத்த பல இன்ஜின்களில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் மென்மையான வார்ப்பிரும்பு. நீண்ட தூரம், அதிகச் சுமையில் ஓட்டினால் அது உள்வாங்கும், வால்வு இடைவெளி குறைந்துகொண்டே போகும். நிதானமாக ஓட்டுபவர்கள் அவ்வப்போது அந்த இடைவெளியைச் சரிபார்த்தால் போதும். எப்போதாவது ஹெட்டைக் கழற்றும்போது கடினமான சீட் வளையம் போட்டுவிடுங்கள்.

இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால்தான் பெரிய தொந்தரவு. பழைய ரப்பர் ஹோஸ், ஃபியூயல் பம்ப் டயாஃப்ரம் எல்லாவற்றையும் ஊறவைத்துக் கெடுக்கும். இன்றைய பெட்ரோலுக்குத் தாக்குப்பிடிக்கும் ஹோஸ்களை மாற்றிவிட்டுத்தான் சாலைக்கு எடுக்க வேண்டும். சூடான இன்ஜின் மேல் ஒழுகும் பெட்ரோல் எத்தனையோ நல்ல வண்டிகளை எரித்திருக்கிறது.

பிரேக் பெடல் கீழே வரை போகிறது. குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி ஏர் எடுத்தும் சரியாகவில்லை.

முதலில் பிரேக் ஷூக்களின் அட்ஜஸ்ட்மென்ட்டைப் பாருங்கள். டிரம் பிரேக்கில் ஷூ தேயத் தேயப் பெடல் கீழே இறங்கும். பழைய வண்டிகள் பலவற்றில் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு இல்லை. ஒவ்வொரு சக்கரத்திலும் ஷூவை டிரம்மில் உரசும்வரை ஏற்றி, உரசல் விடும் அளவுக்குத் தளர்த்துங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே பெடல் மேலே வந்துவிடும். அதற்கப்புறம் ஏர் எடுங்கள், பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தூரமான சக்கரத்தில் தொடங்கி அருகில் இருப்பதில் முடியுங்கள். பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் ஏர். கெட்டியாக நின்று மெதுவாக அமுங்கிக்கொண்டே போனால், வெளியே ஒழுகலும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர்.

இந்த வண்டிகளின் பிரேக்கைப் பற்றி எல்லோரும் மனதில் வைத்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. பழையவை பெரும்பாலும் ஒற்றைச் சுற்று. ஒரு சக்கரத்தில் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. அதனால் பிரேக்கில் 'இது இன்னும் கொஞ்சநாள் வரும்' என்ற பேச்சுக்கே இடமில்லை. வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், இரும்புக் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். குழாய்க்குச் செம்பு-நிக்கல் கலவை நல்லது. வளைக்கச் சுலபம், துருப்பிடிக்காது. முனையை அந்த வண்டிக்கு உரிய ஃப்ளேர் வடிவத்தில்தான் மடிக்க வேண்டும். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் பொருத்த முடிகிற வண்டி என்றால், அசல்தன்மையை மிகவும் நேசிக்கும் நானே அதைப் பொருத்தச் சொல்வேன்.

பிரேக் ஆயில் விஷயம்: டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைகால் வகை. புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை முறையே 205, 230 டிகிரி செல்சியஸ். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் அந்த அளவு இறங்கிவிடும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 5 சிலிக்கோன், அதை இவற்றோடு கலக்கவே கூடாது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், டாட் 5.1 கிளைகால் வகைதான்.

பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைக் கழற்றியதும் காற்று அடித்துத் தூசியைப் பறக்கவிடுவது மிகத் தவறான பழக்கம். தண்ணீரால் நனைத்துத் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

சேஸிஸ் வெல்டிங்கை நானே செய்யலாமா?

பழைய தகடுகளில் நன்றாகப் பழகி, பற்றவைத்த துண்டை வைஸில் வைத்து அடித்து உடைத்துப் பார்த்து, வெல்டு நிற்கிறது தகடுதான் கிழிகிறது என்ற நிலைக்கு வந்தபிறகு செய்யலாம். அதுவரை பாடித் தகட்டில் மட்டும் கை வையுங்கள். சேஸிஸ் வேலைக்கு அனுபவசாலியைக் கூப்பிடுவதில் ஒரு குறைவும் இல்லை. துருவை வெட்டி எடுப்பது, தகடு வெட்டிப் பொருத்துவது, சுத்தம் செய்வது எல்லாம் நீங்கள் செய்து வைத்தால் அவருக்கு வேலை பாதியாகும்.

துருவுக்கு மேல் தகடு ஒட்டுவது வேலை இல்லை. நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்து, அதே கனத் தகட்டைப் பொருத்த வேண்டும். வலுவூட்டும் தகடு வைக்கும்போது அதன் முனையை நேர்ச் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாகவோ மீன்வாய் போலவோ வெட்டுங்கள். செங்குத்துக் கோட்டில் சேஸிஸ் வளையும்போது அழுத்தம் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து, வெல்டுக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும்.

பாடியில் பெரிய பகுதியை வெட்டுவதற்கு முன் குறுக்கே குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைத்து வடிவத்தைப் பூட்டிவிடுங்கள். கதவை மாட்டி இடைவெளி சரியா என்று பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். மெல்லிய தகட்டில் ஒரே நீட்டாகப் பற்றவைத்தால் நெளியும். இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி, நடுவில் ஆறவிடுவது என்றே போக வேண்டும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிடுங்கள். எர்த் கிளாம்ப் வெல்டு செய்யும் இடத்துக்கு அருகிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் மின்சாரம் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும். துத்தநாகப் பூச்சை அரைத்து எடுத்துவிட்டுப் பற்றவையுங்கள், அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்யவே கூடாது. சூட்டில் அது பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயுவாக மாறும்.

பெட்ரோல் டேங்க் ஓட்டையைப் பற்றவைக்கலாமா?

வீட்டில் கூடாது. காலி டேங்கில் இருக்கும் ஆவிதான் வெடிக்கிறது, கழுவிய பிறகும் மிச்சம் இருக்கும். ரேடியேட்டர், டேங்க் வேலையையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள், அல்லது புது டேங்க் போடுங்கள்.

துருவை எடுக்க எது சிறந்த வழி?

சாமானைப் பொறுத்தது. போல்ட்டு, பிராக்கெட் போன்ற சின்னவற்றுக்கு வினிகரில் ஊறவைப்பதே போதும். பிறகு நன்றாகக் கழுவி உடனே உலர்த்த வேண்டும். சேஸிஸ், ஆக்சில் ஹவுசிங் போன்ற கனமானவற்றுக்கு, தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துத் துருவை எடுக்கும் பிளாஸ்டிங் நல்லது, ஆனால் ஆக்சிலின் ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்த பிறகே. உள்ளே போன தூள் பேரிங்கை அரைத்துவிடும். பானெட், கதவு போன்ற மெல்லிய தகடுகளில் பிளாஸ்டிங் செய்தால் நெளிந்துபோகும். சாதாரண ஆற்று மணலால் அடிக்காதீர்கள், அந்தச் சிலிக்காத் தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும்.

எலக்ட்ராலிசிஸ் எனக்கு மிகவும் பிடித்த முறை. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், சலவைச் சோடா, பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த சாமானில் நெகட்டிவ், பலி கொடுக்கும் இரும்புத் துண்டில் பாசிட்டிவ். மறுநாள் துரு கறுப்புச் சகதியாக உதிர்ந்துவிடும், நல்ல இரும்பு அப்படியே இருக்கும். பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடாதீர்கள், நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்தவெளியில் வைத்துச் செய்யுங்கள். அலுமினியத்தை இதில் போட்டால் கரைந்துவிடும். ஸ்பிரிங் போன்ற கடினமான இரும்பை இதில் போட்டால் நொறுங்கும் தன்மை வரலாம், தவிருங்கள்.

எந்த முறையாக இருந்தாலும், சுத்தமான இரும்பை அன்றைக்கே எபாக்சி பிரைமரால் மூடிவிடுங்கள். பெட்டிப் பகுதிகளின் உள்ளே மெழுகு வகைப் பூச்சு அடியுங்கள். தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் எக்காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள்.

லேண்ட் ரோவர் அலுமினியம்தானே, துருப் பிரச்சினை இருக்காதே?

பாடித் தகடுகள் அலுமினியக் கலவை. 1948-இல் அந்த வண்டி வந்தபோது போருக்குப் பிந்தைய இரும்புத் தட்டுப்பாடு இருந்ததே அதற்குக் காரணம். ஆனால் சேஸிஸ் இரும்பு, சீரிஸ் வண்டிகளின் பல்க்ஹெட், அதாவது இன்ஜினுக்கும் ஓட்டுபவருக்கும் நடுவிலுள்ள சுவர், அதுவும் இரும்பு. கால் வைக்கும் குழிகளும் கதவு கீல் பக்கத் தூண்களும் அழுகித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தே போங்கள். இரும்பும் அலுமினியமும் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். திரும்ப மாட்டும்போது நடுவில் சீலன்ட்டோ தடுப்புப் பூச்சோ கட்டாயம் வேண்டும்.

ஸ்டியரிங் ஆடுகிறது. ஒரு வேகத்துக்கு மேல் முன்சக்கரம் உதறுகிறது.

உடனே அதிர்வை அடக்கும் ஸ்டியரிங் டாம்பர் வாங்கிப் போடச் சொல்பவர்கள் உண்டு. அது நோயை மறைக்கும், தீர்க்காது. ஒருவரை ஸ்டியரிங்கை இடவலமாக ஆட்டச் சொல்லிவிட்டு நீங்கள் முன்னால் படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்துப் பாருங்கள். எங்கே ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைகிறதோ அங்கே ஆட்டம். டை ராடு முனைகள், டிராக் லிங்க், ஸ்பிரிங் புஷ்கள், ஸ்டியரிங் பாக்ஸைச் சேஸிஸில் பிடிக்கும் போல்ட்டுகள், வீல் பேரிங் என்று வரிசையாகப் பாருங்கள்.

உதறலுக்குப் பெரும்பாலும் முதல் குற்றவாளி கிங்பின், அதாவது முன்சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் நக்கிளின் மேல்-கீழ் பேரிங்குகள். அவை கொஞ்சம் இறுக்கத்தோடு இருக்க வேண்டும். மூடியின் கீழுள்ள மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்து, ஸ்பிரிங் தராசு கொண்டு இழுத்துப் பார்த்து, கையேட்டில் சொன்ன அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்டியரிங் பாக்ஸின் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைச் சக்கரம் நேராக இருக்கும்போது மட்டும் திருப்புங்கள். அதிகம் இறுக்கினால் பாக்ஸ் தேய்ந்துபோகும்.

ஸ்பிரிங் பட்டை மாற்றும்போது கவனிக்க வேண்டியது?

ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போடுங்கள், ஒருமுறை இழுபட்டவை திரும்பப் பயன்படாது. ரப்பர் புஷ் உள்ள ஷாக்கிள் போல்ட்டுகளை, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே முழுக்க இறுக்குங்கள். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பட்டைக்குப் பட்டை நடுவே துரு சேர்ந்து உறைந்திருப்பதால்தான் பல ஜீப்கள் கட்டையாகக் குதிக்கின்றன. பிரித்து, சுத்தம் செய்து, கிராஃபைட் கிரீஸ் தடவி மாட்டினாலே புது வண்டி மாதிரி மென்மையாகிவிடும்.

கியர்பாக்ஸ், ஆக்சிலுக்கு என்ன ஆயில்?

ஹைபாய்டு வகைப் பல்சக்கரம் உள்ள ஆக்சிலுக்கு ஜிஎல்-5 தரக் கியர் ஆயில். பித்தளை சின்க்ரோ (கியர் மாறும்போது வேகத்தைச் சமன்செய்யும் வளையம்) உள்ள பழைய கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4. ஜிஎல்-5-இல் அதிகம் இருக்கும் கந்தகச் சேர்க்கைகள் பித்தளையை அரிக்கக்கூடும். கெட்டித்தன்மைக்கு அந்த வண்டியின் கையேட்டைப் பாருங்கள். ஊற்றுவதற்கு முன் ஒரு நல்ல பழக்கம்: முதலில் நிரப்பும் ஓட்டையின் மூடியைக் கழற்றுங்கள், அது வந்த பிறகே வடிக்கும் மூடியைத் தொடுங்கள்.

நான்கு சக்கர இயக்கத்தை எப்போதும் போட்டு வைக்கலாமா?

நிவா, ரேஞ்ச் ரோவர் போல நடுவில் டிஃபரென்ஷியல் உள்ள வண்டியில் அது எப்போதுமே இயங்கிக்கொண்டுதான் இருக்கும். வில்லிஸ், சீரிஸ் லேண்ட் ரோவர், பழைய லேண்ட் க்ரூசர் போன்றவற்றில் காய்ந்த தார்ச்சாலையில் போடவே கூடாது. திரும்பும்போது முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும். இரண்டும் பூட்டிக் கிடப்பதால் முறுக்கம் ஏறி, ஸ்டியரிங் கனத்து, கடைசியில் ஏதாவது ஒன்று உடையும். மண், சேறு, மணலில் சக்கரம் வழுக்கி அந்த முறுக்கம் தானாக விடுபடும். நான்கு டயரும் ஒரே அளவில், ஒரே அளவு தேய்ந்ததாக இருக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

வயரிங்கை முழுக்க மாற்ற வேண்டுமா?

துணி சுற்றிய பழைய வயர் வளைத்தால் நொறுங்குகிறது என்றால் முழுக்க மாற்றுங்கள். அப்படி இல்லையென்றால் முதலில் எர்த் இணைப்புகளைச் சுத்தம் செய்யுங்கள். விளக்கு மங்கல், ஸ்டார்ட்டர் சோம்பல், கேஜ் தாறுமாறாகக் காட்டுவது எல்லாவற்றுக்கும் பொதுவான காரணம் துருப்பிடித்த எர்த்துதான். விளக்கைப் போட்டுவிட்டு, பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் விளக்கின் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது.

பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். அது தெரியாமல் புது ரேடியோவையோ ஆல்டர்னேட்டரையோ மாட்டினால் புகைந்துவிடும். போர்க்கால ஜீப்களும் ஆரம்பகாலச் சிவிலியன் ஜீப்களும் 6 வோல்ட். அதே வேலைக்கு 12 வோல்ட்டைவிட இரண்டு மடங்கு ஆம்பியர் ஓட வேண்டும் என்பதால், ஒல்லியான புது பேட்டரி கேபிள் போட்டால் ஸ்டார்ட்டர் இழுக்காது. 6 வோல்ட்டைக் குறை சொல்லி மாற்றுவதற்கு முன் தடிமனான கேபிளைப் போட்டுப் பாருங்கள். இந்த வண்டிகளில் ஃப்யூஸ்கள் மிகக் குறைவு, சேர்த்துக்கொள்வது நல்லது.

பெயின்ட்டை வீட்டிலேயே அடிக்கலாமா?

எனாமல் பெயின்ட்டைப் பிரஷ்ஷாலும் ரோலராலும் அடித்து, நடுநடுவே நனைத்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மிக அழகாகக் கொண்டுவரலாம். வேலைக்காகவே பிறந்த வண்டிக்கு அந்தத் தோற்றம் பொருந்தவும் செய்யும். ஹார்டனர் கலக்கும் இரண்டு பாக வகைப் பெயின்ட்டில் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. வெளியிலிருந்து சுத்தக் காற்று தரும் முகமூடி இல்லாமல் அதை ஸ்ப்ரே செய்யாதீர்கள், சாதாரண மாஸ்க் போதாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதை உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்ப்பதே நல்லது.

பழைய பெயின்ட் உறுதியாக ஒட்டியிருந்தால் அதை விட்டுவைக்கும்படியே நான் கேட்டுக்கொள்வேன். அந்தக் கீறலும் மங்கலும் வண்டி உழைத்த உழைப்பு. ஒருமுறை உரித்துவிட்டால் திரும்ப வராது.

புது இன்ஜின், பவர் ஸ்டியரிங், டிஸ்க் பிரேக் எல்லாம் போடலாமா?

உங்கள் வண்டி, உங்கள் முடிவு. நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான்: திருப்பிக் கொண்டுவர முடியாதபடி எதையும் வெட்டாதீர்கள், கழற்றிய அசல் சாமானைப் பெயர் எழுதிப் பத்திரமாக வையுங்கள். வில்லிஸும் ஃபோர்டும் போர்க்காலத்தில் 6 லட்சத்துக்கும் மேல் ஜீப் கட்டினார்கள். அவ்வளவு இருந்தும் வெட்டப்படாத ஒரு பாடியைத் தேடி இன்று அலைய வேண்டியிருக்கிறது. இன்ஜினை மாற்றிச் சக்தியைக் கூட்டினால் பிரேக், ஆக்சில், கூலிங் மூன்றும் அதற்குத் தக்கபடி மாற வேண்டும். பிரேக்கைக் கூட்டாமல் வேகத்தைக் கூட்டுவது அநியாயம்.

டயர் பார்க்க நன்றாகவே இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

பக்கவாட்டில் டாட் என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு எண் இருக்கும். 2315 என்றால் 2015-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்று எண்தான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முந்தைய டயர். பத்து வருடம் தாண்டியதை, பட்டன் எவ்வளவு இருந்தாலும், சாலைக்கு எடுக்காதீர்கள். வண்டியைத் தள்ளி நகர்த்த வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. முதல் ஓட்டம் எப்படி?

ஆள் இல்லாத சமதளத்தில், நடை வேகத்தில், பிரேக்கை மட்டும் பத்துப் பதினைந்து முறை போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு ஹப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங் இறுக்கம் அல்லது ஷூ உரசல். வண்டிக்கு அடியில் அட்டை விரித்து இரவு முழுக்க விட்டால் எது எங்கே ஒழுகுகிறது என்று காலையில் தெரியும். வீல் நட்டுகளையும் யூ போல்ட்டுகளையும் முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறை, 500 கிலோமீட்டரில் மறுமுறை டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கம் பாருங்கள். ஹெட் கழற்றிய இன்ஜின் என்றால், கையேடு சொல்லியிருந்தால் ஹெட் போல்ட்டுகளையும் பார்க்க வேண்டும். சரிபார்த்த நட்டில் எல்லாம் ஒரு பெயின்ட் கோடு போட்டு வைத்தால், அடுத்த முறை குனிந்து பார்த்தாலே எது அசைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.